இருட்டறையில் ஒரு ரூபாய்

பாஞ்சாலியம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதவேண்டி வருகிறது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

1994-ல் காக்ஸ் டவுனில் டாக்டர் சுந்தரராமனின் எக்ஸ்ரே நிலையத்தில் நான் டெக்னீஷியன். டிப்ளமா படித்தவன், அந்தத் திமிரும் உண்டு. படம் எடுப்பது நான். பிலிமைக் கழுவும் இருட்டறை பாஞ்சாலியம்மாவுடையது. நாற்பதைத் தாண்டியவர், காலை எட்டரைக்கெல்லாம் அல்சூரிலிருந்து நடந்தே வந்துவிடுவார். கணவர் இறந்துபோயிருந்தார். பாஞ்சாலியம்மாவின் சம்பளத்தில்தான் சுனிதா, வீணா என்ற இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

இருட்டறை என்று பெயரே தவிர, மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரியும். அந்த வெளிச்சம் பிலிமை ஒன்றும் செய்யாது. அதில்தான் அவர் பிலிமைப் பிரித்து, கிளிப்பில் மாட்டி, மருந்துத் தொட்டியில் முக்குவார். வேலை நடக்கும்போது யார் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து "பிலிம்" என்று ஒரே சொல்தான் வரும். ஒருமுறை டாக்டரே அஞ்சு நிமிஷம் வெளியே நின்றார். கதவு திறக்கவில்லை.

அந்த வருஷம் ஜூனில் புது வகை பிலிம் வந்தது. பாதி எக்ஸ்ரே போதும், படம் பளிச்சென்று விழும் என்று ஏஜென்ட் சொன்னான். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. எனக்குத் தெரியாததா என்று நினைத்து, அதை நாலாக மடித்து ஆடிக்கொண்டிருந்த என் மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து படங்களெல்லாம் சாம்பல் பூத்து வந்தன. எலும்பு எது, சதை எது என்று தெரியவில்லை. நோயாளிகளைத் திரும்பப் படுக்கவைத்து எடுத்தோம். அதுவும் அப்படியே.

"கதவத் தொறந்து வெளிச்சம் விட்டிருப்பாளோ?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

பாஞ்சாலியம்மா திறக்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தப்பு அவருடையது இல்லையென்றால் அடுத்து என் பக்கம்தான் திரும்புவார்கள். சனிக்கிழமையோடு அவரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். பாஞ்சாலியம்மா தினமும் அவர் அறை வாசலில் நின்று, "நான் கதவத் தொறக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு பிலிம் துண்டுகளோடு என்னிடம் வந்தார். ஒன்றில் எதுவுமே இல்லை. மற்றது முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் மட்டும் வட்டமாக ஓர் இடம் தெளிவாக இருந்தது.

"இது என்னம்மா?"

"ஒரு ரூபா காசு சார். பல்ப அணைச்சிட்டு, எக்ஸ்ரே படாத புது பிலிம ரெண்டா வெட்டுனேன். ஒரு துண்டு மேல காச வெச்சி, இருட்டுலயே பத்து நிமிசம் வுட்டு கழுவுனேன். ஒண்ணும் விழல. இன்னொண்ணு மேலயும் காச வெச்சி, பல்ப பத்து நிமிசம் எரியவுட்டு, அணைச்சிட்டு கழுவுனேன். காசு மறைச்ச எடம் மட்டும் தப்பிச்சிருக்கு பாருங்க. கதவு மேல சும்னே பழி போடறீங்க. நம்ம பல்பே பிலிம கெடுக்குது."

"இப்படிப் பண்ணணும்னு எப்படித் தோணுச்சு?"

"ஊட்ல காலண்டரக் கழட்டினா, அது இருந்த எடத்துல மட்டும் செவுரு நெறம் போவாம இருக்குதுல்ல? அதான்."

அவர் போனதும் மேஜைக்காலைத் தூக்கி அந்தத் தாளை உருவினேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது: அடர்சிவப்பு விளக்கு மட்டுமே பயன்படுத்தவும்.

டாக்டரிடம் போய், "விளக்கு கலர் தப்பு சார், சிவப்பு மாத்தணும்" என்றேன். "நல்ல வேளை, நீ கண்டுபிடிச்சே" என்று தட்டிக்கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். சிவப்பு விளக்கு வந்தது, படங்கள் தெளிந்தன, பாஞ்சாலியம்மாவின் வேலையும் தப்பியது. ஆனால் தன் அறை விளக்கையே கவனிக்காதவள், கவனக்குறைவானவள் என்ற பெயர் அப்படியே நின்றது.

நாலு நாள் கழித்து டீக்கடையில் பாஞ்சாலியம்மா கேட்டார்: "வெளிச்சம்னா எல்லாம் வெளிச்சம்தான சார்? ஆரஞ்சு கெடுக்குது, செகப்பு கெடுக்கல. அது ஏன்?"

கடை வாசலில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. அதைக் காட்டினேன். "வெளிச்சம் அலையா வருது. சக்தியைச் சுமந்துட்டு வருது. ஆனா தண்ணி ஊத்தற மாதிரி தொடர்ச்சியா கொடுக்காது, காசு காசாத்தான் கொடுக்கும். சிவப்போட அலை ரொம்ப நீளமானது, அதனால அதுகிட்ட இருக்கறது எல்லாம் நாலணாக் காசு. பச்சை எட்டணா. நீலம் ஒரு ரூபா. பழைய பிலிம் இந்த போன் மாதிரி, ரூபாய்க்குத்தான் அசையும். புதுசு எட்டணாவுக்கே அசைஞ்சிடும். நம்ம ஆரஞ்சு விளக்குல கொஞ்சம் எட்டணாவும் கலந்திருந்தது."

"அப்ப செகப்ப எவ்ளோ நேரம் காட்டுனாலும்?"

"நாலணாவை எத்தனை போட்டா என்ன? போன் போகாதே."

டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நானும் டாக்டருகிட்ட ஒரு வாரமா தெனம் தெனம் சொன்னேன் சார். எல்லாம் நாலணா. நீங்க ஒரே ஒரு தடவ சொன்னீங்க, லைன் கெடச்சிடுச்சி."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பிலிம் துண்டுகளையும் தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். காசைப் பற்றிச் சொல்லிவிட்டேன், மேஜைக்காலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அந்த "இருக்கலாம் சார்" இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது. டாக்டர் காசு விழுந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து போய் இருட்டறைக் கதவைத் தட்டினார்.

உள்ளிருந்து "பிலிம்" என்று குரல் வந்தது.

கதவு திறக்கும்வரை இரண்டு பேரும் வெளியே நின்றோம்.