மூன்றாம் நாள் வந்து காட்டச் சொன்னவர்

புதன்கிழமை காலை, பதுளையில் அக்கா வீட்டில் ஏழரை மணி வரை தூங்கிய சந்தோஷத்தோடு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பண்டாரவளையிலிருந்து மனைவி போன் பண்ணினாள். "இன்னைக்குச் சத்தமே இல்லைங்க. போய்ப் பார்த்தேன். அப்பா போயிட்டாங்க."

ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் விடியலில் மாமாவோடு மல்லுக்கட்டிய நான், அவர் போன விடியலில் மட்டும் பக்கத்தில் இல்லை. அதற்கு லீவு கொடுத்தவரும் அவரேதான்.

என் மாமனார் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவர். காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவதற்கு முன்பே மருந்தறையைத் திறந்துவிடுவார். அவரிடம் லீவுத் துண்டு வாங்கினால்தான் நோயாளி அன்று மலைக்கு வேலைக்குப் போகாமல் லயத்து வீட்டில் படுக்கலாம். "நெசக் காய்ச்சல்காரனை மலைக்கு அனுப்பினா பாவம் எனக்கு. பொய்க் காய்ச்சல்காரனைப் படுக்க வச்சா அவன் வேலை அடுத்தவன் தலையில" என்பார். நாக்கைப் பார்த்தே பொய்யைப் பிடிப்பார் என்று தோட்டமே நம்பியது. பெண் பார்க்கப் போன அன்று என்னையும் நீட்டச் சொன்னார். "வயிறு சரியில்ல. மத்தபடி பரவாயில்ல" என்றார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான்.

அவருக்கு மறதி நோய் வந்தபின், பகலில் நான் மாப்பிள்ளை. காலை நாலரைக்குச் சாவியை ஒளித்த கள்ளன். சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வாசல் கதவை உலுக்குவார். "சாவி எங்கடா? ஆளுங்க மழையில நிக்கிறாங்க."

"மாமா, நீங்க ரிட்டயராகி இருபது வருஷமாச்சு."

அந்த இருபது வருஷத்தையும் தினமும் விளக்கினேன். புத்திசாலி நான். பதிலுக்குச் சுடுதண்ணிப் போத்தல் பறந்து வந்தது. கொழும்பிலிருக்கும் மைத்துனர் போனில், "எதிர்த்துப் பேசாதீங்க மச்சான், அன்பா சொல்லுங்க" என்பார். அவர் எட்டு மணிக்கு எழும்புகிறவர். எட்டு மணிக்கு நானும் அன்பானவன்தான்.

ஒருநாள் கத்தவும் தெம்பில்லாமல் அவர் முன் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஐயா, மேலுக்கு முடியல" என்றேன். கதவை உலுக்கிய கை நின்றது.

"நாக்கை நீட்டு." பார்த்தார். நாடி பிடித்தார். "ஒண்ணுமில்ல. பெரட்டுக்கு ஓடு. அடுத்த ஆளைக் கூப்பிடு."

அடுத்த ஆள் என் மனைவி. இருவரையும் பார்த்து முடிப்பதற்குள் வெளுத்துவிடும். அவரும் அடங்கித் தேத்தண்ணி கேட்பார். அன்று முதல் தினமும் நான் நோயாளி. பிள்ளைப்பேறு தவிர எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள்கூடத் துண்டு கிடைக்கவில்லை. சில நாள் அந்த வைத்தியமும் பலிக்காது. மாத்திரையை என் மேலேயே துப்புவார்.

போன செவ்வாய்க்கிழமை பலிக்கவில்லை. கதவு ஆடிய ஆட்டத்தில் என் பொறுமை கழன்றுவிட்டது. "டிஸ்பென்சரியும் இல்ல, ஆளுங்களும் இல்ல. போய்ப் படுங்க" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. மாமா பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அப்படி அவர் பயந்து நான் பார்த்ததேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வா. நாக்கை நீட்டு" என்றார். வெகுநேரம் பார்த்தார். காலண்டர் தாளைக் கிழித்து ஏதோ கிறுக்கி என்னிடம் நீட்டினார். "இது நெசக் காய்ச்சல். ரெண்டு நாள் படு. மூணாம் நாள் வந்து காட்டு."

மனைவி என் பையை எடுத்து வைத்தாள். "ஐயாவே சொல்லிட்டாங்க. அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்." வெட்கமில்லாமல் பஸ் ஏறினேன்.

புதன்கிழமையே திரும்பி வந்துவிட்டேன். வியாழக்கிழமை மூன்றாம் நாள். மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சொன்னபடி போய் முன்னால் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாக்கை நீட்டினேன்.

மனைவியின் சித்தி பார்த்துவிட்டார். செத்துக் கிடக்கும் மாமனாருக்கு மருமகன் நாக்கைக் காட்டினான் என்ற செய்தி இப்போது பதுளை வரை போய்விட்டது. நடந்தது உண்மை. காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

போய் வாருங்கள் மாமா. துண்டு சட்டைப்பையில்தான் இருக்கிறது, லீவு முடிந்துவிட்டது. நாலரைக்கே எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒண்ணுமில்ல, வேலைக்கு ஓடு என்று சொல்லத்தான் ஆளில்லை.