வியட்நாம் ஆன்ட்டியும் எங்கள் வீட்டு ஸ்கூட்டரும்

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் ஆம்பூர் வீட்டு மாடிக்கு ஒரு வியட்நாம்காரம்மா குடிவந்தார். அம்மா வேலை பார்த்த ஷூ கம்பெனியில் புதுத் தையல் மெஷின்கள் இறக்கியிருந்தார்கள். அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷத்துக்கு அவரை வரவழைத்த கம்பெனி, எங்கள் மாடியை வாடகைக்கு எடுத்தது. அம்மாவுக்கு அவர் மேடம். எனக்கு வியட்நாம் ஆன்ட்டி. பகலெல்லாம் அம்மாவை அதட்டுகிறவர் சாயங்காலம் அம்மாவின் வீட்டுக்கே குடித்தனக்காரராகத் திரும்பி வருவது எனக்குப் பெரிய வேடிக்கை.

அவருக்கோ எதுவும் வேடிக்கையாக இல்லை. கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அம்மா கொடுத்தனுப்பிய காரக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டவர், செல்போனில் தன் மொழியில் ஏதோ சொல்லி என் பக்கம் நீட்டினார். அது செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் பேசியது: "என் நாக்கில் தீ விபத்து. மிக்க நன்றி."

மகனோடு வீடியோவில் பேசி முடித்தபின் அவர் அழுவது படிக்கட்டு வரை கேட்கும். மாதக் கடைசியில் ஊருக்கே அனுப்பிவிடும்படி கேட்டிருக்கிறார் என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"பாவம்ங்க. பேச ஒரு ஆள் இல்ல, எங்கயும் போவ வழியில்ல. நானா இருந்தா ரெண்டே நாள்ல ஓடியாந்திருப்பேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கி வந்த ஆன்ட்டி, படிக்குக் கீழே நின்ற அப்பாவின் ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செல்போனில் ஒரு படம் காட்டினார். தெரு முழுக்க ஸ்கூட்டர்கள். நடுவில் ஹெல்மெட்டோடு அவர், முன்னால் நின்றபடி மகன். அம்மா படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள்.

"மேடம், எனக்கு வண்டி ஓட்ட வராது. கத்துக் குடுக்கிறீங்களா?"

செல்போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, ஆன்ட்டி முதல் தடவையாகச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் பாடம் ஆரம்பித்தது. அம்மா முன்னால், ஆன்ட்டி பின்னால், நான் கூடவே ஓட்டம். அவர் வியட்நாம் மொழியில் கத்த, "ஐயோ, பிரேக்கு எங்க மேடம்!" என்று அம்மா அலற, கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டி மெதுவாக ஆவாரம் புதரில் போய்ச் சாய்ந்தது. தலையெல்லாம் மஞ்சள் பூவோடு இரண்டு பேரும் எழ முடியாமல் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறும் அதே புதர். அதற்கடுத்த வாரமும். அம்மா இவ்வளவு மக்கா என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆன்ட்டி சலிக்கவே இல்லை. அம்மாவைத் திட்டுவதற்காகவே தமிழ் பழகினார். ஒருநாள் கம்பெனியில் தையல் கோணிப்போக, "இன்னாம்மா, பேஜார் பண்ற!" என்று அவர் கேட்டதில் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்களாம். மாதக் கடைசி வந்து போனது. ஊருக்குத் திரும்பும் பேச்சே எழவில்லை.

ஒருவழியாக அம்மா தேறியதும் ஸ்கூட்டரிலேயே மார்க்கெட்டுக்குப் போனோம். "ஜாஸ்தி! கம்மி பண்ணு!" என்று ஆன்ட்டி மீன்காரரிடம் மல்லுக்கு நின்றார். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், நீங்க ஆம்பூர்தானே?" என்றார். வீடு வரும்வரை ஆன்ட்டி அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்க எங்களோடுதான் இருந்தார்.

காலேஜில் சேர்ந்து நான் வண்டி பழகத் தடுமாறியபோது, அம்மாவுக்கே வியட்நாம் ஆன்ட்டி சொல்லிக்கொடுத்துத்தானே வந்தது என்றேன். அப்பா சிரித்துவிட்டார்.

"உங்கம்மாவுக்கா? கல்யாணத்துக்கு முன்ன அவ ஊரு அணைக்கட்டுல மொபெட்ல ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கினு பறப்பா. அதைப் பாத்துட்டுத்தான் நான் பொண்ணு கேட்டேன்."

"சும்மா இருங்க," என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

அன்றைக்கு அந்த மைதானத்தில் மூச்சிரைக்க ஓடிய எனக்குத் தெரிந்ததெல்லாம், எத்தனை தடவை காட்டினாலும் பிரேக் எங்கே இருக்கிறது என்பது அம்மாவுக்கு மறந்துபோய்விடுகிறது என்பதுதான்.