அவித்த மொச்சையும் உடைந்த பற்களும்

மாமாவின் முன்பற்கள் இரண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அவற்றைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் அரைபட்ட மொச்சை, எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து கிடந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஒருவர் வாயில் இன்னொருவர் கைமுட்டியால் சாப்பாட்டைத் திணிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இப்போது ஜொகூர் பாருவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு மனிதனின் சிவப்பணுக்களுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பதுதான் என் தொழில். அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

மாமா என் அம்மாவின் தம்பி. தங்காக்கில், துணிக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் பின்புறம், ஒரு பழைய கடைவீட்டில் தனியாக இருந்தார். கச்சாங் பூத்தே வியாபாரம். கடலை, பட்டாணி, முறுக்கு, வறுத்த மொச்சை எல்லாம் அவரே செய்து, வேனில் ஏற்றி, ஒவ்வொரு ஊர் பசார் மாலாமுக்கும், அந்த இரவுச் சந்தைகளுக்கு, கொண்டுபோவார். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. தான் விற்கும் மற்ற எல்லாவற்றையும் கொறிப்பார். கச்சாங் பாராங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தப் பெரிய மொச்சையை மட்டும் தொடமாட்டார். கேட்டால், "சின்ன வயசில தின்னு ஆளே போக இருந்தேன். எனக்கு ஒத்துக்காது" என்பார். சிலருக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கிற மாதிரி, அது தன் உடம்பின் கோளாறு என்று மட்டுமே அவர் நினைத்திருந்தார்.

அப்பாவுக்கு மாமாவைக் கண்டால் ஆகாது. நாங்கள் அப்போது பண்டார் தெங்காராவில் இருந்தோம். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பலமான கைகள். அந்தக் கைகளுக்கு வீட்டிலும் வேலை இருந்தது. அம்மாவின் முதுகில் எப்போதும் ஒரு நிறம் மங்கும்போது இன்னொரு நிறம் ஏறும். ஒருமுறை மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அது அவர் கண்ணெதிரிலேயே நடந்தது. அவர் எழுந்து நின்று, "மச்சான், இன்னொரு தடவ அக்கா மேல கை வச்சீங்கன்னா நல்லா இருக்காது" என்றார். சத்தம் போடவில்லை. அவ்வளவுதான் சொன்னார். அப்பா அதை மறக்கவே இல்லை.

அந்தப் பள்ளி விடுமுறைக்கு அம்மா எங்கள் இருவரையும் மாமா வீட்டில் விட்டிருந்தாள். தம்பிக்கு ஆறு வயது. தோட்டத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை அவனுக்கு எடுக்கப்படவில்லை. மாமா வறுப்பதற்காக மொச்சையை வாளி வாளியாக ஊறப்போட்டு, லேசாக அவித்து வைப்பார். அந்த மெத்தென்ற மொச்சையை நகத்தால் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வது தம்பிக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. மாமா வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். தம்பி வயிறு நிறையத் தின்றான்.

வீடு திரும்பிய மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை. உதடு வெளிறி, கண்ணின் வெள்ளை எலுமிச்சைத் தோல் போல மஞ்சளாகியிருந்தது. சிறுநீர், பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. அதைப் பார்த்ததும் அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவன் கையில் ஊசி குத்தி ரத்தம் ஏற்றத் தொடங்கியபோது, "பிள்ளை என்ன சாப்பிட்டான்?" என்று ஒரு தாதி கேட்டாள். நான் சொன்னேன். அப்பாவின் முகம் மாறியது.

"அவன் விக்கிற மொச்சைய அவனே திங்க மாட்டான். கவனிச்சிருக்கியா?" என்று அம்மாவிடம் கேட்டார். "எதையோ கலந்திருக்கான். என் பிள்ளைய வச்சு என்னைப் பழி வாங்குறான்."

அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். வண்டி தங்காக்குக்குப் பறந்தது. நான் பின் இருக்கையில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க மச்சான்" என்பதை அவர் முடிக்கவில்லை. அப்பா முதல் குத்தை வயிற்றில் குத்தினார். மாமா மடங்கியபோது முழங்காலால் முகத்தில். மாமா சுவரில் மோதி உட்கார்ந்தார். அப்பா மொச்சை வாளியை இழுத்து அவர் முன்னால் வைத்தார்.

"தின்னுடா."

"மச்சான், எனக்கு அது ஆகாது, என்னா ஆச்சுன்னு சொல்லுங்க..."

"என் பிள்ளைக்குக் குடுத்தீல்ல? நீ தின்னு. விஷம் இல்லன்னா தின்னு!"

மாமா வாயை இறுக்க மூடிக்கொண்டார். அந்த மூடிய வாய்தான் அப்பாவுக்குச் சாட்சியாகிவிட்டது. வறுக்கும் இரும்புக் கரண்டியை எடுத்து வாயிலேயே அடித்தார். பற்கள் போன சத்தம், ஓடு விரிசல் விடுகிற மாதிரி, சின்னதாகத்தான் கேட்டது. பிறகு தலைமுடியைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, கை கையாக மொச்சையை அள்ளித் தொண்டைக்குள் தள்ளினார். மாமா விழுங்கினார், கக்கினார், மூச்சுக்காக மீண்டும் விழுங்கினார். என் வாயிலிருந்து வந்தது கத்தலா அழுகையா தெரியவில்லை. பக்கத்துத் துணிக்கடை முதலாளியான சீனத் தவக்கேயும் அவருடைய ஆட்கள் இருவரும் ஓடிவந்து, துணி அளக்கும் இரும்புக்கோலால் அப்பாவின் தோளில் ஓங்கி அடித்த பிறகுதான் அவர் பிடியை விட்டார்.

மாமாவுக்குத் தாடையும் விலா எலும்பும் உடைந்திருந்தன. விசாரிக்க வந்த போலீசிடம், உடைந்த வாயை அசைக்க முடியாமல், விழுந்துவிட்டதாகக் கையால் சைகை காட்டினார். தவக்கே எவ்வளவோ சொல்லியும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய சிறுநீரும் கறுத்தது. கண் மஞ்சளானது.

அந்தச் செய்தி வந்ததும், தம்பிக்கு வைத்தியம் பார்த்த மலாய் டாக்டரம்மாவிடம் அம்மா அதைச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மலாயில் நிதானமாக விளக்கினார். யாரும் விஷம் வைக்கவில்லை. அந்த மொச்சைக்குள்ளேயே ஒரு பொருள் இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அது மாறி, ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும். மற்றவர்களின் அணுக்களுக்குள் அதைத் தடுக்க ஒரு நொதி காவல் இருக்கும். சில ஆண்பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அந்தக் காவல் குறைவு. அணுக்கள் உள்ளேயே உடைந்து சிதறும். நோயோடு போராட வேண்டிய உடம்பின் சொந்தப் படையே அந்தச் சேதப்பட்ட அணுக்களைப் பிடித்து விழுங்கும். உடைந்ததன் நிறம்தான் கண்ணிலும் சிறுநீரிலும் தெரிகிறது. மாமாவுக்கும் தம்பிக்கும் ஒரே குறை. அது தாய் வழியாக மகனுக்கு வருவது.

இன்று நான் இதைப் பல தாய்மார்களுக்குச் சொல்கிறேன். இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அப்பாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. டாக்டரம்மா அறையை விட்டு நகர்ந்ததும், தம்பியின் கட்டிலுக்கு அருகிலேயே அம்மாவை அறைந்தார். ரத்தப் பை தொங்கிய கம்பியில் அவள் தலை இடித்து, கம்பி ஆடியது.

"உன் ரத்தம்தான்! நீதான்டி என் பிள்ளைக்கு விஷம்!"

ஒரு மனிதன் வாயில் மொச்சையைத் திணித்தது தவறு என்று தெரிந்த பிறகும், அவருக்கு அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அதை நான் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. அம்மா ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள். தம்பியின் கையில் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அப்பா வெளியே போனதும் என்னைக் கூட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

தம்பி தேறியதும் நாங்கள் மாமாவைப் பார்க்கப் போனோம். அவர் தாடையில் கம்பி கட்டியிருந்தது. பல்லுக்கு நடுவே வார்த்தைகளைக் கசியவிட்டார். "வேணாம்க்கா. கேச வாபஸ் வாங்கிடு. பிள்ளைங்களுக்கு அப்பா. எனக்காகப் போலீசுக்குப் போக வேணாம்."

அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, உறிஞ்சு குழாயால் அவருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "உன் பல்லுக்கு நீ மன்னிச்சிக்க" என்றாள். "நான் என் கன்னத்துக்குப் போனேன்."

தவக்கேயும் வந்து சாட்சி சொன்னார். அப்பா சிறைக்குப் போனார். நாங்கள் தங்காக்குக்கு, மாமா வீட்டுக்கே போய்விட்டோம். அந்தச் சிமெண்டுத் தரையை அம்மா சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெளியே வந்த பிறகு அப்பா ஒரே ஒரு முறை வாசல் கேட்டருகே வந்து நின்றார். மெலிந்திருந்தார். "பையன மட்டும் பார்த்துட்டுப் போறேன்" என்றார். மாமா எழுந்தார்; கேட்டைத் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முறுக்குப் பொரித்துக்கொண்டிருந்த அம்மா, கொதிக்கும் எண்ணெயில் கரண்டியை முக்கி எடுத்து, சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு, "தொறந்தா நீயும் வெளிய போயிடு" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா உட்கார்ந்துவிட்டார். அப்பா போய்விட்டார்.

என் கூடத்தில் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைக் காகிதத்தில் ஒரு பொட்டாக வைத்து, மருந்து சேர்த்து, ஊதா விளக்கின் கீழ் பார்ப்போம். நொதி இருக்கும் ரத்தம் ஒளிரும். இல்லாதது இருட்டாகவே கிடக்கும். போன வருடம் எனக்கு மகன் பிறந்தான். அறுவை செய்து எடுத்தார்கள். அவனுடைய பொட்டு ஒளிரவில்லை என்று தாதி வந்து சொன்னபோது என் கணவரும் அறையில் இருந்தார். நல்ல மனிதர், சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு, விடிய விழித்த கண்களோடு நேராக வந்திருந்தார்.

"இது யார் வழியா வருது?" என்று கேட்டார்.

"என் வழியா."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கணம் காணாமல் போய்விட்டது. நினைவு திரும்பக் கிடைத்தபோது நான் கட்டிலில் இல்லை. மகனின் தொட்டிலுக்கும் அவருக்கும் நடுவே, சுவரில் முதுகை வைத்து நின்றிருந்தேன். கையில் மருந்து தொங்கும் இரும்புக் கம்பி இருந்தது. ஊசி பிடுங்கிக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கையில் போன் இருந்தது. மொச்சையைப் போலவே அந்துருண்டையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தாதி சொல்லியிருந்தாள். அது வீட்டில் இருக்கிறதா என்று தன் அம்மாவிடம் கேட்கத்தான் எழுந்திருக்கிறார்.

"அலமாக், என்னா செய்றே?" என்றார். "தையல் பிரிஞ்சிரும். உக்காரு லா."

நான் உடனே உட்காரவில்லை.