கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தவர்

ஒரு தகப்பனை அவருடைய மகளின் கல்யாணப் படத்திலிருந்து நான் அழித்தேன். லென்ஸின் மேலுள்ள ஃபோகஸ் வளையத்தை விரலால் கொஞ்சம் திருப்பினேன், அவ்வளவுதான் வேலை. வெளிச்சம் போதவில்லை, கை நழுவிவிட்டது என்றெல்லாம் பிறகு சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் போட்டவனே நான். கையும் நழுவவில்லை. தெரிந்துதான் திருப்பினேன்.

நான் திருப்பதியில் இயற்பியல் படித்தவன். முதுகலையில் ஒளியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். கல்லூரி விரிவுரையாளர் வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போன சமயத்தில், மஸ்கட்டில் இருந்த என் மைத்துனர் ஒரு வி.எச்.எஸ். கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். தோளில் வைத்தால் சிறு ஆட்டுக்குட்டியின் கனம். சித்தூரில் ஓர் அறை பிடித்து, தெலுங்கிலும் தமிழிலும் போர்டு மாட்டினேன். வெளிநாட்டுச் சாமான்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான்.

அதனால்தான் எனக்குத் தொழிலே நடந்தது. கல்யாணத்துக்கு வரமுடியாத அண்ணனோ தாய்மாமனோ துபாயில் உட்கார்ந்து கேசட் போட்டுப் பார்ப்பார். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் அவருக்கு முக்கியம். ஆகவே சாப்பாட்டுப் பந்தியை இலை இலையாக எடுத்தாக வேண்டும். ஹாலஜன் விளக்கு முகத்தில் அடித்ததும் ஜனங்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் விடமாட்டேன். ஒவ்வொருவரிடமும் நின்று, "கேமராவப் பாருங்க, அசையாதீங்க" என்பேன். ஒளியியல் படித்தவன் செய்த உபதேசம் அது.

அப்படித்தான் அவரைச் சந்தித்தேன். நகரியில் விசைத்தறி வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புத்தூரிலிருந்து பாலசமுத்திரம் வரை அவருக்குச் சொந்தக்காரர்கள். எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் இருப்பார். அன்றைக்கு லட்டை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அண்ணா, தலையத் தூக்குங்க. கேமராவப் பாருங்க. அசையாதீங்க."

லட்டு பாதி வழியில் நின்றது. உதட்டை அசைக்காமல் கேட்டார்: "துன்னலாமா, கூடாதா, தம்பி?"

"நான் அப்பால போனதும் சாப்பிடுங்க."

நான் அடுத்த இலைக்குப் போய், அதற்கடுத்த இலைக்கும் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் லட்டு அந்தரத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி முழங்கையால் இடித்தார். "வீடியோகாரரு போய்ட்டாரு. துன்னித் தொலை. லட்டு அழுவுது."

அதற்குப் பிறகு பலமனேரில், குப்பத்தில், திருப்பதியில், எங்கே பந்தி எடுத்தாலும் விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே அவர் தலை நிமிர்ந்துவிடும். நேராக லென்ஸைப் பார்ப்பார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். நான் கண்ட மாணவர்களில் அவரைப் போலப் பாடத்தை மறக்காதவர் யாருமில்லை.

அறுபதை நெருங்கும்போது டிஜிட்டல் சினிமா கேமரா வாங்கினேன். அந்தக் கேமரா என்னை மயக்கிவிட்டது. பழைய கேசட்டில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மணப்பெண்ணும் தெளிவு, அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரும் தெளிவு. இதிலோ முகம் மட்டும் தெளிவாக நிற்கும். பின்னால் இருப்பதெல்லாம் நெய் உருகுவதைப் போல உருகிவிடும். சீரியல் விளக்குகள் வட்ட வட்டமாக மிதக்கும். கேமராவிலிருந்து வரும்போது படம் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறத்தை ஏற்ற வேண்டும்.

தன் மகளின் கல்யாணத்தை எடுக்க என்னிடம் சொல்ல வந்தபோது, நகரிக்காரர் என் கம்ப்யூட்டரில் அந்த வெளிறிய படத்தைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, சாயம் ஏத்தாத நூலு மாதிரி கீது?"

"இனிமேதான் ஏத்தணும், அண்ணா."

"அப்ப நம்ம தொழிலுக்கே வந்துட்டன்னு சொல்லு."

மகள் திருப்பதியில் பொறியியல் படித்து, பெங்களூரில் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளையும் அதே அலுவலகம். பலமனேர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம், பெங்களூருக்குக் குடிபோனவர்கள். மாப்பிள்ளையின் அண்ணன் தன் செல்போனில் ஏதேதோ கல்யாணங்களைக் காட்டி, "அங்கிள், எவ்வரூ கேமரா வைப்பு சூடகூடது. சினிமா லாகா ராவாலி" என்றார். ஒருவரும் கேமரா பக்கம் பார்க்கக் கூடாதாம். சினிமா மாதிரி வரவேண்டுமாம். என் ஆசையும் அதுவே.

கல்யாணம் திருப்பதி மண்டபம் ஒன்றில் நடந்தது. அவர் கிளிப்பச்சைச் சட்டை போட்டிருந்தார். தன் தறியில் தானே நெய்த துணி. காலையிலிருந்து நான் கேமராவை எங்கே திருப்பினாலும் அங்கே அந்தப் பச்சை, அதற்கு மேலே என்னையே பார்க்கும் இரண்டு கண்கள். சம்பந்தியைக் கைகூப்பி வரவேற்கிறார், முகம் கேமராவுக்கு. ஆரத்தித் தட்டுக்கு நிற்கிறார், முகம் கேமராவுக்கு.

ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன். "அண்ணா, கேமராவப் பாக்காதீங்க. நான் இல்லன்னு நெனச்சுக்குங்க."

"நீதான் கீறியே, தம்பி."

"இல்லன்னு நெனச்சுக்குங்க, அண்ணா."

"எப்டி நெனைக்கிறது? எதிர்ல மரமாட்டம் நின்னுக்கினு கீற!"

எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அண்ணன் உச்சுக்கொட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அவர் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க ஆரம்பித்தார். அந்த நொடியில் அவர் தலையைத் தூக்கி லென்ஸைப் பார்த்தார். கண் நிறைய நீர். ஆனாலும் அசையவில்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றார். நான் வளையத்தைத் திருப்பினேன். மணப்பெண்ணின் இமைமயிர் தெளிந்தது, விழும் தண்ணீர் தெளிந்தது, அவர் பச்சைப் புகையாகிப் போனார். எடிட்டிங்கில் இன்னும் மோசம் செய்தேன். அவர் தெளிவாக இருந்த இடங்களில் கேமராவைப் பார்க்கிறார் என்று ஒவ்வொன்றையும் வெட்டினேன். படத்தைக் கொடுத்ததும், அடுத்த கல்யாணத்துக்குக் கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமென்று, வெட்டாத மூலப்படத்தையும் அழித்துவிட்டேன்.

படத்தை எல்லோரும் மெச்சினார்கள். நகரியில் அவர் வீட்டில், தெருவையே கூப்பிட்டுவைத்து டி.வி.யில் போட்டார்கள். எனக்கு நாற்காலி. அவர் தரையில் முதல் வரிசையில், அதே பச்சைச் சட்டையோடு.

"நா எப்ப வருவேன், தம்பி?"

"வருவீங்க, அண்ணா."

தாரை வார்க்கும் கட்டம் வந்ததும் அவர் மனைவி கைநீட்டினார். "அதோ, பச்சையா பாசி மாதிரி ஒண்ணு வருதே, அதான் நீ."

வீடே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர், "பொண்ணு கல்யாணத்துக்கு வராம எங்க போய்க்கினு இருந்த?" என்றார். அவரும் சேர்ந்து சிரித்தார். எல்லோரும் போன பிறகு வாசல்வரை என்னோடு வந்தார். தாழ்ந்த குரலில், தன் மேல்தான் தப்போ என்பதுபோலக் கேட்டார்: "தம்பி, நா கேமராவத்தான பாத்தேன்?"

நான் ஏதோ முனகிவிட்டு பஸ் ஏறினேன்.

மகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் ஒருநாள் போனில் பேசினாள். "அங்கிள், அம்மா தண்ணி ஊத்துறப்ப நைனா மூஞ்சி தெரியற மாதிரி ஒரு படம் அனுப்புங்க. ஹால்ல மாட்டணும்."

"அந்த இடத்துல லைட் கம்மிம்மா" என்றேன். அவள் நம்பிவிட்டாள். அவள் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் வீட்டுப் பரணில் என் பழைய கேசட்டுகள் இருந்தன. வேலூரில் ஒரு பிளேயர் தேடிப் பிடித்து, நாடாவில் படிந்த பூஞ்சையைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். பழைய சாமான்காரனுக்குப் போடச் சொல்லி வருஷக்கணக்காகச் சண்டை பிடித்த என் மனைவி, இரண்டாம் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதோ உங்க அண்ணா. ஜாங்கிரி."

"எங்கே?"

"தூணுக்குப் பக்கத்துல. பாயசமும் வாங்கிக்கினாரு, பாருங்க."

யாரெல்லாமோ கட்டிக்கொண்ட கல்யாணங்களில் அவர் இருந்தார். மீசை கறுப்பாக, பிறகு நரைத்து, பிறகு சாயம் பூசி. கையில் வடை, கையில் அப்பளம். ஒவ்வொன்றிலும் நேராக என்னைப் பார்த்தபடி, அசையாமல். ஹாலஜன் வெளிச்சத்தில் முகத்து மச்சம்கூடத் தெரிந்தது. ஒரு கேசட்டில் மடியில் சின்னப் பெண். அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். விளக்கு வந்ததும் ஊட்டுவதை நிறுத்தி, அவள் தாடையைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்புகிறார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கி நகரிக்குப் போனேன். படத்தைப் போடுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வேணும்னே திருப்புனியா?" என்றார்.

"ஆமாண்ணா."

"நா பாத்துக்கினு இருந்தப்பவே?"

"ஆமா."

எழுந்து தறிக்கூடத்துக்குப் போனார். உள்ளே ஒரு தறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. வந்து உட்கார்ந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போடு, பாக்கலாம்."

பார்த்தார். அந்தரத்து லட்டு வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டது. பின்னால் வேறொரு கல்யாணத்தில் அவர் ஜாங்கிரியும் கையுமாக வந்தபோது அவர் மனைவிக்குக் கோபம். "இது புத்தூர் கல்யாணந்தான? சக்கரை கீதுன்னு டாக்டரு சொன்ன அப்பறம் வந்தது! ஒரு வாய்கூடத் துன்னலன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியே!"

"வாய்ல வெக்கல. கையிலதான் கீது, பாரு."

"தம்பி நவுந்தப்பறம் அது எங்க போச்சு?"

மகள் அமெரிக்காவிலிருந்து செல்போன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பெண் வந்தபோது, "நைனா, என் தாடையப் புடிச்சிக்கினு கீற" என்றாள். பிறகு என்னிடம் தனியாக ஒன்று கேட்டாள்: "லைட் கம்மின்னு சொன்னீங்களே, அங்கிள்?" "பொய்ம்மா" என்றேன். அவள் ஹாலில் இப்போது தொங்குவது, கோடு கோடாக இழுத்த அந்த வி.எச்.எஸ். படம்தான். தாரை வார்த்த படத்துக்கு அது ஈடாகாது என்று அவளுக்கும் தெரியும்.

பேரப்பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும் திருப்பதியில் வைத்தார்கள். நானே வந்து எடுக்கிறேன், எல்லாரும் தெளிவாகத் தெரியும்படி எடுக்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"வேணாம், தம்பி. வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். நீ துன்ன வா."

அது தண்டனையா அழைப்பா என்று யோசித்துக்கொண்டே போனேன். முதல் பந்தியில், தன் பக்கத்து இலையில் என்னை உட்காரவைத்தார். வாழ்நாள் முழுக்கப் பந்தி எடுத்தவன், ஒரு பந்தியிலும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டதில்லை. லட்டைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். வரிசையின் கோடியில் ஓர் இளைஞன், என்னுடையதைவிடச் சின்னதாக ஒரு கேமராவோடு வந்துகொண்டிருந்தான். என் தலை தானாகக் குனிந்தது.

விலாவில் முழங்கை இடித்தது.

"தலையத் தூக்கு, தம்பி. கேமராவப் பாரு. அசையாத."

தூக்கினேன். அந்தப் பையன் நகர்ந்து வெகுநேரமாகியும் நாங்கள் இருவரும் லட்டும் கையுமாக அப்படியே இருந்தோமாம். அவர் மனைவி இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். படம் இன்னும் கைக்கு வரவில்லை. வளையத்தை அவன் எந்தப் பக்கம் திருப்பினானோ, தெரியாது.