மெதுவாகப் போகும் ரயிலுக்கு ஒரு ஓட்டு

வெள்ளி, காலை 6.40. உட்லண்ட்ஸ், சிங்கப்பூர் எல்லை.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போவார்கள். கையில் காசு குறைவென்றால் பாலித் தீவுக்காவது போவார்கள். நான் மலேசியாவிலுள்ள கிள்ளானுக்குப் போனேன். அதுவும் என் சொந்த வீட்டுக்கு. சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் எனக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வரும் இந்த வழியைத் தவிர உலகத்தில் வேறு வழி தெரியாது. ஆனால் இந்த முறை சும்மா போகவில்லை. மறுநாள் தேர்தல். நாட்டின் தலையெழுத்தையே மாற்றப் போகிறவன் என்ற தோரணையோடு குடிநுழைவு எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். நெருப்புப் பொறி பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரல் அது. எந்திரம் என்னை யாரென்றே தெரியாது என்றது. இரண்டாம் முறையும் அதையே சொன்னது. மூன்றாம் முறை, போனால் போகிறது என்று விட்டது.

காலை 8.30. ஜொகூர், லார்க்கின் பேருந்து நிலையம். கோலாலம்பூருக்குக் கட்டணம் முப்பத்தைந்து மலேசிய வெள்ளி. ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீட்டர். பேருந்தில் காலி இருக்கை ஒன்றுகூட இல்லை. ஓட்டுப் போடுவதற்காக ஊர் திரும்புகிற கூட்டம். எனக்கு ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். தலைக்கு மேலிருந்த பின்னோக்குக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"ஓட்டுப் போடவா அண்ணே?"

"ஆமா. நீங்க எங்க போடுறீங்க?"

"என் ஓட்டு வடக்க, சுங்கை பட்டாணியில. நாளைக்கும் டூட்டி. ஒங்க எல்லாரையும் ஓட்டுப் போட ஏத்திக்கிட்டுப் போறேன், நான் போய்ப் போட எனக்கு ஒரு டிரைவர் இல்ல லா."

"வேட்பாளர்கிட்ட சொல்லிப் பாக்குறதுதானே?"

"சொன்னேன் அண்ணே. டோல் கட்டணத்தக் கொறைக்கிறோம்னாரு. டோல் நானா கட்டுறேன்? கம்பெனி கட்டுது!"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆயர் ஈத்தாம் வரை செம்பனைக் காடு இரண்டு பக்கமும் ஓடி வந்தது.

பிற்பகல் 2.00. பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையத்தில் இறங்கி, கேஎல் சென்ட்ரலுக்கு ரயில் மாறி, பின்பக்கமாக நடந்தால் நம் ஆட்களின் சாப்பாட்டுக் கடை வரிசை. வாழையிலைச் சாப்பாடு பன்னிரண்டு வெள்ளி. பரிமாறுகிறவர் எனக்கு ஒரு இலையைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் எதிர் இருக்கைக்கும் ஒரு இலையைப் போட்டார்.

"அக்கா வரலையாண்ணே?"

"அக்கா ஞாயித்துக்கிழமதான்."

அவர் அந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். ரசம் திடீரென்று காரமாகிவிட்டது.

வெளியே வந்தால் நடைபாதையின் நடுவே ஒரு வேட்பாளரின் கொடிக்கம்பம். கண் தெரியாதவர்கள் கோலால் தடவி நடப்பதற்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கல் மேலேயே நட்டிருந்தார்கள். பக்கத்தில் உடம்பு பிடித்துவிடும் கடை ஒன்றில் வேலை பார்க்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர் அதைக் கையால் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, காலையில இதுலதான் முட்டிக்கிட்டேன். மேல என்னா எழுதிருக்கு?"

அண்ணாந்து படித்தேன். "எல்லாருக்கும் தடையில்லாத நகரம்."

"நல்ல திட்டம்லா" என்றார் அவர். "கம்பத்த மட்டும் எடுத்துட்டா இப்பவே நிறைவேறிடும்."

பிற்பகல் 3.20. கிள்ளான் ரயில். கட்டணம் நாலு வெள்ளி சொச்சம், பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணின் கையிலிருந்த துண்டுப் பிரசுரத்தில், கிள்ளானுக்கு அரை மணி நேரத்தில் போகும் வேக ரயில் வரும் என்று போட்டிருந்தது. அந்தப் பெண் முகம் மலர்ந்து படித்தாள். நான் மனதுக்குள் அந்த ரயிலுக்கு எதிராக ஓட்டுப் போட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். வீட்டில் இருக்கிற அந்த இரண்டு நாளில் எனக்கும் என் மனைவி வசந்தாவுக்கும் பேச நேரமே கிடைக்காது. கூரை ஒழுகும், யாருக்காவது கல்யாணம் இருக்கும், யாராவது செத்திருப்பார்கள், மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அவளும் கூடவே ரயிலேறுவாள். கேஎல் சென்ட்ரல் வரை வந்து, பிரிக்பீல்ட்ஸில் என்னோடு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போவாள். அந்த ரயிலில் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அவள் வேலை பார்க்கும் துணிக்கடைக் கதைகளைச் சொல்வாள். பாத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் அத்தைபோல் பேசிக் காட்டுவாள். சுபாங் ஜெயா தாண்டினால் என் தோளில் தூங்கிவிடுவாள். எங்கள் குடும்ப வாழ்க்கை என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் நடக்கிறது. அதைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்களாம்!

மாலை 5.30. கிள்ளான், எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு. திடலில் ஒரு வேட்பாளரின் பிரசாரக் கூடாரம். மீ கோரெங் நூடுல்ஸ், சுண்டல், குடிக்கச் சிவப்பு சிராப். குளித்துவிட்டு வசந்தாவோடு போனேன். எதிர்க்கட்சிக் கூடாரத்தில் தோசை என்று கேள்வி. அங்கே போகத்தான் கால் திரும்பியது, அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வேட்பாளர் இளைஞர், நல்ல மாதிரி. இன்னும் ஜெயிக்கவே இல்லை, அதற்குள் எல்லாரும் அவரை 'மாண்புமிகு' என்று பொருள்படும் ஒய்.பி. என்றே கூப்பிட்டார்கள். ஜெயித்த பிறகு பழகுவதற்குச் சிரமமாக இருக்குமே என்ற நல்லெண்ணம். யாரோ என்னைக் காட்டிக் கொடுக்க, அவர் மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்திவிட்டார்.

"இவரு மாதிரி நம்ம தாமான்ல எத்தனை பேரு! குடும்பத்துக்காக சிங்கப்பூர்ல கஷ்டப்படுறாங்க. கே.எல். போயி, அங்கேர்ந்து பஸ் மாறி... இனிமே அந்தக் கஷ்டம் வேணாம்! ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, இந்தத் திடல்லேர்ந்தே நேரா ஜொகூருக்கு பஸ்! நான் விடுறேன்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தட்டியவர்களில் நானும் ஒருவன். பொன்னாடை போர்த்தினால் மனுஷனுக்குக் கை தானாகத் தட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வசந்தா மட்டும் தட்டவில்லை. சிராப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டில் சத்தமாகப் பேசுவாளே தவிர, சபையில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"பஸ்ஸு வேணாம் ஒய்.பி. இவரு போகாம இருக்கிறதுக்கு ஏதாச்சும் செய்வீங்களா? தெலுக் பங்லிமா காராங்ல அத்தன ஃபேக்டரி இருக்கு. சிங்கப்பூர்ல குடுக்கிறதுல பாதி சம்பளம் இங்க குடுத்தாக்கூடப் போதும், நான் ஓட்டிக்குவேன். தெனமும் வீட்டுக்கு வரணும். அவ்ளோதான்."

நான் தட்டிய கைகளைப் பொன்னாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்ல கேள்விக்கா" என்றார் வேட்பாளர். நிஜமாகவே யோசித்தார், முகத்தில் தெரிந்தது. "அதெல்லாம் சம்பளக் கொள்கை, மேலிடத்துல பேச வேண்டிய விஷயம். ஆனா ஒங்க உணர்வு எனக்குப் புரியுதுக்கா." உதவியாளர் பெண்ணைப் பார்த்து, "அக்கா சொல்றத எழுதிக்கம்மா" என்றார்.

அந்தப் பெண் கைக்கணினியோடு வசந்தாவிடம் வந்து பணிவாகக் கேட்டாள். "அக்கா, ஒங்களுக்கு பஸ்ஸு மூணு மணிக்கு வசதியா, அஞ்சு மணிக்கா?"

சனி, காலை 8.15. பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டோம். இடது ஆள்காட்டி விரலில் மை. யாருக்குப் போட்டாய் என்று வசந்தாவைக் கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு? ரெண்டு பேரும் பஸ்ஸுதான் விடுறாங்க. இவரு ஒண்ணு, அவரு ரெண்டு" என்றாள். இரவு முடிவு வந்தது. நம் ஒய்.பி. உண்மையிலேயே ஒய்.பி. ஆகிவிட்டார்.

ஞாயிறு, பிற்பகல் 2.45. என் ஆயுளில் எத்தனையோ வாக்குறுதிகளைப் பார்த்துவிட்டேன். ஒரே நாளில் நிறைவேறியது இது ஒன்றுதான். திடலில் குளிர்சாதனப் பேருந்து நின்றது. முகப்பில் ஒய்.பி.யின் சிரித்த முகம். இலவசம். ஆளுக்கொரு எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம். ஒய்.பி.யே வெயிலில் நின்று பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். குறை சொல்லவே முடியாத மனிதர், அதுதான் பிரச்சினை.

நான் பையோடு படியில் ஒரு காலை வைத்தேன். வசந்தா கீழே நின்றாள். ரயிலுக்கு உடுத்தும் பச்சைச் சேலையை உடுத்தியிருந்தாள். தோளில் கைப்பை. பேருந்து என்று தெரிந்தும் பழக்கத்தில் கிளம்பி வந்திருக்கிறாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது போல. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, பாத்துப் போங்க" என்றாள்.

நான் காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

"அண்ணே, ஏறுங்க லா. ஃப்ரீ!" என்றாள் உதவியாளர் பெண்.

"எனக்கு பஸ்ஸு ஒத்துக்காதும்மா, தல சுத்தும்." நூற்றுக்கணக்கான முறை பேருந்தில் போனவன் சொல்கிற பொய்யா இது! வசந்தா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தப் பெண் விடவில்லை, இரண்டு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

பிற்பகல் 3.50. ரயிலில் இருவருக்கும் டிக்கெட், அதற்குமேல் தெற்கு முனையத்தில் பேருந்துக்கு மறுபடி முப்பத்தைந்து வெள்ளி. கொழுப்புத்தான். பாடாங் ஜாவா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் வந்து போயின. சிங்கப்பூரில் என் அறை ஜன்னலில் பார்த்தால் எதிர் அடுக்குமாடியின் துணிக்கம்பிகள் தெரியும். நாற்பது குடும்பத்துத் துணி காயும். ஒரு பச்சைச் சேலை இருக்காது.

பத்து தீகா நிலையம் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அறிவிப்பு. பெட்டி முழுக்க முணுமுணுப்பு. எதிரே உட்கார்ந்திருந்த அங்கிள், "இதுக்குத்தானா லா ஓட்டுப் போட்டோம்?" என்று மை விரலை ஆட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெட்டியில் கேட்டது கிடைத்த ஒரே வாக்காளன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வசந்தா ஒரு பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். "பஸ்ஸு எப்டியோ, சோறு நல்லாத்தான் இருக்கு" என்றாள். மை வைத்த இரண்டு இடது கைகள் இலையின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. துணிக்கடை முதலாளி தீபாவளிக்கு வாங்கி, விற்காமல் மாட்டிக்கொண்ட ஊதா நிறச் சரக்கைப் பற்றி ஆரம்பித்தாள். பாதிக் கதையில், ஒரு குலுக்கலோடு ரயில் நகர்ந்தது. அங்கிள் "அப்பாடா" என்றார்.

வசந்தா கதையை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டானா?"