கட்டாத கைகள்

இதெல்லாம் என் கற்பனையாக இருந்திருந்தால் என்னைவிட நிம்மதியானவள் இருக்க மாட்டாள். என் கணவரின் முன்கைத் தழும்பு அப்படி நினைக்க விடுவதில்லை.

அவர் நாடக நடிகர். அப்போது ஒரு நாடகத்தில் ஓர் ஓவியராக நடித்தார். நிஜமாகவே வாழ்ந்து மறைந்த மனிதர். பிறவியிலேயே இரு கைகளும் அசையாது. தூரிகையை வாயில் பிடித்து வரைந்தவர். என் கணவருக்கு நடிக்கும்போது கை தன்னையறியாமல் அசைந்துவிடும். அதனால் மேடையேறும் முன் துணிப்பட்டையால் கைகளை உடம்போடு கட்டி, மேலே சட்டை போட்டுவிடுவது என் வேலை.

ஒருநாள் மாலை நான் வந்த பஸ் பழுதாகி நின்றுவிட்டது. பட்டை என் கைப்பையில். நான் பக்கத்திரை ஓரம் ஓடி வந்தபோது நாடகம் முடியும் தறுவாயில் இருந்தது.

"வாம்மா மகராணி! நீ கட்டாமலே உன் வீட்டுக்காரர் பிச்சு உதறுறார், பாரு" என்றார் டைரக்டர்.

பார்த்தேன். கைகள் ஈரத்துணிபோல் தொங்கின. அரங்கமே மூச்சடக்கி இருந்தது. எனக்குப் பெருமைதான்... அந்த வாடை வரும்வரை.

தோல் கருகும் வாடை.

ஓரத்து விளக்கின் கொதிக்கும் தகரத்தில் அவர் முன்கை ஒட்டியிருந்தது. முகம் சுளிக்கவில்லை. வரைந்துகொண்டே இருந்தார்.

கத்தினேன். திரை விழுந்தது. ஓடினேன்.

"ஐயோ, வெந்திருக்கே! வலிக்கலையா?"

"எது?" என்றார்.

கையைத் தூக்கி விட்டேன். தொப்... தொடையில் விழுந்தது.

"விளையாடாதீங்க..."

"அசையலைம்மா." தன் கையையே பார்த்தார். "நம்ம பாப்பாவை எப்படித் தூக்குவேன்?"

முன்வரிசையில் இருந்த ஓவியரின் அக்கா மேடையேறி வந்தார். கடைசிவரை தம்பிக்குச் சோறு ஊட்டியவர். என் கணவரின் தோளில் கை வைத்துக் குனிந்தார்.

"போதும்டா தம்பி. இவன் பிள்ளைகுட்டிக்காரன். விட்டுடு... அக்காகிட்ட வா."

டக்...

டக்... டக்...

மேடைப் பலகையில் என் கணவரின் விரல்கள் தட்டின.

பிறகுதான் வலியில் அலறினார். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் நன்றி சொல்ல போன் செய்தேன். அக்காவின் மகள் எடுத்தாள்.

"நேத்து வந்ததுலேர்ந்து அம்மாவுக்கு ரெண்டு கையும் அசையலை. டாக்டருக்கே புரியலை. வாயில பிரஷ் வைக்கச் சொல்லி வரையறாங்க... அப்படியே மாமா வரைஞ்ச மாதிரி. அம்மா இதுக்கு முன்னால ஒரு கோடுகூட நேரா போட்டதில்லைங்க."

"நீ பக்கத்துலயே இரும்மா..."

"விட மாட்டேங்கறாங்க. தொடப்போனா, 'கிட்ட வராதேடி... மாமனுக்கு உன்னையும் ரொம்பப் பிடிக்கும்'ங்கறாங்க."