வெட்டிக்கொள்ளாத இரண்டு வட்டங்கள்

கிரேக்க நாட்டில் வோலோஸ் துறைமுகத்துக்கு மேலே, எங்கள் நடுநிலைப் பள்ளியில் நான் வரலாறு நடத்துகிறேன். பக்கத்து அறையில் எவ்தோக்சியா கணக்கு நடத்துகிறார். சுவர் மெல்லியது. இருபத்திரண்டு வருடமாக அவர் கேட்கும் ‘ஏன்?’ என் போர்களுக்கு நடுவிலும் வந்து விழுகிறது.

அவர் வகுப்பில் நிரூபிக்காத எதையும் எழுதக் கூடாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வடிவியல் ஏட்டை அதன் பழைய கிரேக்க மொழியிலேயே வாசித்து, பிறகு கணினியில் நிரல் எழுதிச் சரிபார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயது பதின்மூன்று. பெற்றோர் புகார் வராத மாதமே கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் ஏட்டின் முதல் கணக்கை எடுத்தார். ஒன்றின் மையத்தின் வழியே மற்றொன்று போகும்படி இரண்டு வட்டங்கள். அவை வெட்டும் புள்ளியை இரு மையங்களோடும் இணைத்தால் சமபக்க முக்கோணம். மிர்சினி என்ற பெண் மையங்களின் இடைவெளியை ஆயிரம் பங்காக்கி, கட்டம் கட்டமாகத் தேடும் நிரல் எழுதினாள். பொதுப் புள்ளிகள்: பூஜ்யம்.

“டீச்சர், ரெண்டு வட்டமும் எங்கயுமே சந்திக்கல. அப்ப முக்கோணமே இல்லையா?”

அந்தப் புள்ளியின் உயரம் பின்னமாக வராது, அதனால்தான் கட்டத்தில் சிக்கவில்லை என்று எவ்தோக்சியா விளக்கினார்.

“சரி, சிக்காது. ஆனா அங்க புள்ளி இருக்குன்னு ஏட்டுல எந்த வரி சொல்லுது?”

எவ்தோக்சியா பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அப்படி ஒரு வரி இல்லை. இடைவேளையில் வெளிறிப்போய் என் அறைக்கு வந்து, இத்தனை வருடமும் படத்தைப் பார்த்தே நம்பிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் வகுப்பிலும் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் இரண்டு வாரம் வேறு பாடத்துக்கு நகர மறுத்தார்கள்.

மூன்றாம் வாரம் மிர்சினியின் அப்பா பந்தெலிஸ் சண்டைக்கு வந்தார். படகு பழுதுபார்ப்பவர். எட்டு மணிக்குள் வீடு திரும்பச் சொன்னால், எந்த அடிப்படையில் என்று மகள் கேட்கிறாளாம். வட்டங்களின் சங்கதியைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறும் சாக்பீஸும் வாங்கி முற்றத்தில் மண்டியிட்டு வரைந்தார்.

“இந்தா, வெட்டிக்கிச்சா?”

“அது சாக்பீஸோட அகலம்ப்பா. கோட்டுக்கு அகலமே கிடையாது.”

அவர் கத்தியை எடுத்துச் சாக்பீஸைச் சீவி மறுபடி வரைந்தார். மூன்று முறை சீவினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வீட்லயும் இதே கதைதான். நீங்க எப்படி டீச்சர் சமாளிக்கிறீங்க?”

“சமாளிக்கலைங்க,” என்றார் எவ்தோக்சியா.

கடைசியில், வட்டங்கள் வெட்டும் என்பதைத் தற்காலிகமாக நம்புவதாக எல்லோரும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். மிர்சினி மட்டும் போடவில்லை. அந்த வருடம் சதவீதப் பாடம் தொடப்படவே இல்லை. கல்வித் துறை மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எவ்தோக்சியா இப்போது வியாழன் மாலைகளில் பல்கலைக்கழகத்துக்குப் போய், இருபது வயதுக்காரர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார். அங்கே ஆசிரியரை அதிகம் கேள்வி கேட்பதாக அவர்மீது புகாராம்.